ஏ பக்கம் முடிந்த இடத்தில் பாடப்பட்ட சங்கதி: ஓர் ஆய்வு

மெய்ப்பாடு எட்டு என்று தொல்காப்பியர் கணக்கை முடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் காலத்தில் ஒலிநாடா கிடையாது. இருந்திருந்தால் ஒன்பதாவதாக ஒன்றைச் சேர்த்திருப்பார் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். கர்நாடக சங்கீத ரசிகர்கள் நாலு பேர் ஒரு கூடத்தில் உட்கார்ந்து பழைய பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்கும்போது அவர்களிடம் தோன்றுவது உவகை அல்ல, அழுகையும் அல்ல. மருட்கை கொஞ்சம் உண்டு. அதுவும் முதல் இரண்டு நிமிடத்தோடு சரி. பிறகு வருவதற்கு இலக்கணத்தில் பெயர் இல்லை. வாய்பாடு மட்டும் எல்லாக் கூடத்திலும் ஒன்றுதான்: "நன்னாத்தான் இருக்கு. ஆனா நீங்க அந்த இன்னொண்ணைக் கேட்டதில்லையே?"

ஆய்வின் எல்லை மயிலாப்பூர், மாம்பலம், திருவல்லிக்கேணிக் கூடங்களும் காவிரிக்கரைத் திண்ணைகள் சிலவும். இந்துஸ்தானி ரசிகர்கள் இவர்களைவிடப் பொல்லாதவர்கள் என்று கேள்வி. அவர்களை அந்தப் பக்கத்து ஆய்வாளர் யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் களம். பதிவு கேட்பதற்கு முன் மின்விசிறியை நிறுத்த வேண்டும். தம்புராவின் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பது சொல்லப்படும் காரணம். வியர்க்க வியர்க்கக் கேட்பதுதான் சிரத்தை என்பது சொல்லப்படாத காரணம். வீட்டுக்காரர் கேசட்டைக் கையில் எடுத்து, தொங்கும் நாடாவைப் பார்த்து "த்சொ" கொட்டி, நடராஜ் பென்சிலைப் பல்சக்கரத்தில் செருகி நாலு சுற்று சுற்றுவார். உறையின் முதுகில் "செம்மங்குடி - கரகரப்பிரியா - நல்லது" என்று எழுதியிருக்கும். ஆண்டு இல்லை, சபா இல்லை, வயலின் யார், மிருதங்கம் யார் என்றும் இல்லை. எழுதியவருக்கு அதெல்லாம் தெரியும். எழுதியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, பக்கவாத்தியம் யார் என்ற வழக்கே முதல் அரைமணி நேரத்தைத் தின்றுவிடும். லால்குடி வில் என்று ஒருவர் சொல்வார், டி.என். கிருஷ்ணன் என்று இன்னொருவர் மறுப்பார். வயலினோ இதற்குள் தன் முறை வாசித்து முடித்திருக்கும்.

ஆலாபனை தொடங்கியதும் யாரும் ராகத்தின் பெயரைச் சொல்லிவிடக் கூடாது. தர்பாரா நாயகியா, ரீதிகௌளையா ஆனந்தபைரவியா என்ற இக்கட்டான நேரங்களில் அனுபவசாலி ரசிகர் வலது கையை மார்பளவு உயர்த்தி, கண்ணை மூடிக்கொள்வார். இந்தக் கைக்கு இரண்டு பொருள் உண்டு. ராகம் தெரிந்துவிட்டது, பேசிக் கெடுக்காதீர்கள் என்பது ஒன்று. ராகம் தெரியவில்லை, பாட்டு வரட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. பார்ப்பவருக்கு வித்தியாசம் புலப்படாது; அதுதான் அந்தக் கையின் சிறப்பு. பல்லவியின் முதல் சொல் வந்த மறுகணம் நாலு கையும் ஒரே நேரத்தில் இறங்கும். "அப்பவே நினைச்சேன்" என்ற வாக்கியம் நாலு குரலில் எழும்.

ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஏறுநிரலிலும் இறங்குநிரலிலும் ஸ்வரங்கள் ஒன்றே என்பதைச் சங்கீதம் படிக்கும் குழந்தைகளும் அறியும். ஆரபி விறுவிறுவென்று போகும், தேவகாந்தாரி அசைந்து அசைந்து வரும், பிடிகளும் வேறு. நாடா கொஞ்சம் வேகமாக ஓடினால் தேவகாந்தாரி ஆரபியின் பக்கம் சாய்ந்துவிடாதா என்பது இந்த ஆய்வாளரின் சொந்த ஐயம். கூடத்தில் இதை எழுப்பியபோது ஆய்வாளருக்கு இரண்டாவது காபி வரவில்லை.

ஆனால் வேகத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. தட்டோ நாடாவோ சுமார் ஆறு சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்ற வேண்டிய தட்டு 83 சுற்று சுற்றினால் போதும், ஒன்றரைக் கட்டைப் பாடகர் இரண்டு கட்டையில் பாடியவர் ஆகிவிடுவார். அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாமே சரியாக 78இல் வெட்டப்பட்டவையும் அல்ல. இத்தனைக்கும் நடுவில், 1933இல் இருபத்தேழு வயதில் மறைந்துபோன கிட்டப்பா எத்தனை கட்டையில் பாடினார் என்று ரசிகர்கள் தொடையைத் தட்டி வாதாடுகிறார்கள். ஒருவர் வீட்டு மோட்டாரில் கிட்டப்பா மற்றவர் வீட்டைவிட அரைக்கட்டை மேலே பாடுகிறார். இருவரும் தத்தம் மோட்டாருக்காக உயிரை விடுவார்கள். எம்.டி. ராமநாதன் விஷயத்தில் இதற்கு நேர் எதிர். அவருடைய தாழ்ந்த சுருதியும் சாவகாசமான காலப்பிரமாணமும் பழக்கமில்லாதவர் முதல்முறை கேட்கும்போது எழுந்து போய் இயந்திரத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்காரும் அந்த முகத்தில்தான் மருட்கை என்ற மெய்ப்பாட்டைக் கலப்படமில்லாமல் காணலாம்.

பெருமிதத்துக்கு இனி வருவோம். கல்வி, வீரம், புகழ், கொடை என்ற நான்கையும் பற்றிப் பெருமிதம் பிறக்கும் என்பது பழைய கொள்கை. ஒலிப்பதிவு உலகில் ஐந்தாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: அன்றைக்கு நான் சபாவில் இருந்தேன் என்பது. பதிவில் ஆலாபனையின் உச்சத்தில் ஓர் இருமல் கேட்கும். கேட்டதும் கூடத்தில் ஒருவர் நிமிர்ந்து உட்காருவார். "அது எங்க சித்தப்பா." அந்தக் கணத்திலிருந்து பாடகர் பக்கவாத்தியமாகிவிடுவார். சித்தப்பாவுக்கு அந்த மார்கழியில் என்ன உடம்பு, எந்த வைத்தியர், எந்தக் கஷாயம் என்று விவரங்கள் விரியும். மறுபடி போடச் சொல்லிக் கேட்பார்கள். காம்போதிக்காக அல்ல, இருமலுக்காக.

நாகசுர ரசிகர்கள் இதில் ஒரு படி மேல். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி தட்டில் பதிவாகியிருக்கிறது. 78 சுற்றுத் தட்டில் பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் கொள்ளும் என்பதால், வீதியில் மணிக்கணக்காக விரிந்த ராகத்தை அதற்குள் மடித்து வைக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்து வித்வான்கள் எல்லோரும் அவசரக்காரர்கள் என்று இன்றைய இளைஞர்கள் நினைப்பதற்கும் பெரும்பாலும் இந்த மூன்றரை நிமிடம்தான் காரணம். முள் நடுவட்டத்தை எட்டுவதற்குள் மங்களகரமாக முடித்தாக வேண்டுமே. தஞ்சைப் பக்கத்துத் திண்ணை ஒன்றில் இந்தத் தோடியைப் போட்டுக் காட்டியபோது ஒரு பெரியவர் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார். "தட்டுல இருக்கறது தோடி இல்ல தம்பி. தோடியோட விலாசம். சாமி கெழக்கு வீதி திரும்பறப்ப எடுத்தாருன்னா, தெக்கு வீதியும் போயி மேல வீதியும் போயி இன்னமும் தோடிதான். நேர்ல கேட்டவனுக்குத்தான் அது தெரியும்." கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956இல். பெரியவர் பிறந்தது அதற்குப் பின் என்பது பிறகு தெரியவந்தது. அதனால் அவருடைய சாட்சியத்துக்கு ஒரு குறைவும் நேரவில்லை.

கொடை என்ற தலைப்பில் ஆய்வுக்கு அதிகம் தேறவில்லை. அரிய பதிவு வைத்திருப்பவர் அதன் நகலைத் தருவார். "வேற யாருக்கும் குடுத்துடாதேள்" என்று சொல்லித்தான் தருவார். வாங்கியவரும் அதே வார்த்தையைச் சொல்லித்தான் அடுத்தவருக்குத் தருவார். இப்படியாகச் சென்னை முழுவதும் யாருக்கும் தெரியாமல் எல்லோரிடமும் இருக்கிற பதிவுகள் உண்டு. தருகிற நகலில் மட்டும் ஆலாபனையின் முதல் கால் நிமிடம் இருக்காது. அது மூலத்தை வைத்திருப்பவரின் வீட்டிலேயே தங்கிவிடும், கோயில் நகைப் பெட்டியின் இரண்டாவது சாவி மாதிரி.

இனி இந்த ஆய்வின் மையம். ஸ்பூல் டேப் இருந்த நாளில், ஏழங்குலச் சுருளில் 1200 அடி நாடாவை வினாடிக்கு மூன்றே முக்கால் அங்குல வேகத்தில் ஓட்டினால் பக்கத்துக்கு அறுபத்து நாலு நிமிடம் கிடைத்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கேசட்டைக் கொண்டுவந்த பிறகு, தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு நாற்பத்தைந்து. மூன்று மணி நேரக் கச்சேரியை எந்தக் கணக்கில் போட்டாலும், பிரதான உருப்படியின் நட்டநடுவில் பக்கம் முடிந்தே தீரும். நாடா மிச்சம் பிடிக்க விரும்பியவர்கள் தனி ஆவர்த்தனம் வந்ததும் நிறுத்திவிடுவது தனிக்கதை. மைக்கையே வேண்டாம் என்ற பாலக்காடு மணி அய்யரின் வாசிப்பை இப்படி நிறுத்தியவர்களுக்கு என்ன பிராயச்சித்தமோ, அது என் துறை அல்ல. நிரவல் சூடு பிடிக்கும். பாடகர் மேல் ஸ்தாயியில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்பார். டக். கூடத்தில் நிசப்தம். வீட்டுக்காரர் எழுந்து, கேசட்டைத் திருப்பிப் போட்டு, பொத்தானை அமுக்குவார். பி பக்கத்தில் கல்பனை ஸ்வரம் பாதி முடிந்திருக்கும்.

பதிவு செய்தவர் அன்று சபாவின் இருட்டில் கேசட்டைத் தடவித் தடவித் திருப்பிய அந்தச் சில வினாடிகளில் பாடப்பட்டது என்ன? கள ஆய்வில் கேட்ட அத்தனை பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: அந்தக் கச்சேரியின் உயிரே அங்கேதான் இருந்தது. அப்படி ஒரு சங்கதி அதற்கு முன்னும் விழவில்லை, பின்னும் விழவில்லை. மதுரை மணி அய்யரின் கச்சேரிகள் பல, ரசிகர்கள் இப்படி எடுத்து வைத்ததால்தான் நமக்குக் கிடைத்தன. அந்தப் புண்ணியவான்களுக்கு நன்றி சொல்கிற வாயாலேயே, அவர்கள் நாடா திருப்பிய நேரத்தில் போனதுதான் நிஜமான மணி அய்யர் என்றும் சொல்லிவிடுகிறோம். ஸ்பூலிலிருந்து கேசட்டுக்கு மாற்றியவற்றில் இரண்டு இடைவெளிகள் இருக்கும். அவற்றுக்கு இரட்டிப்பு மரியாதை.

இதற்கு ஒரே ஒரு விலக்கைக் கண்டேன். ராம்நாட் கிருஷ்ணன் அமெரிக்காவில் இருந்தபோது பாடி, நோன்சச் நிறுவனம் 1968இல் "வித்வான்" என்ற பெயரில் வெளியிட்ட இசைத்தட்டு. அதைப் போட்டால் கூடத்தில் யாரும் பேசுவதில்லை. வேறு எதையும் சிபாரிசு செய்வதில்லை. எனக்கும் அது உயர்ந்த பதிவு என்றுதான் படுகிறது, ஆனால் மௌனத்துக்குக் காரணம் அது மட்டுமல்ல. அந்த ஒலிப்பதிவின்போது நம்மவர் யாரும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. இருமலுக்கு உரிமை கோர முடியாது. வேறு வழியில்லாமல் பாட்டைக் கேட்கிறார்கள்.

இப்போது நாடாவும் இல்லை, பென்சிலும் வேண்டாம். ஆயிரம் கச்சேரி ஒரு பென் டிரைவில் அடங்கிச் சட்டைப் பையில் கிடக்கிறது. காலை ஆறு பத்துக்கு வாட்ஸ்அப்பில் நாற்பது நிமிடச் சங்கராபரணம் ஒன்று வருகிறது, ஆறு பதினொன்றுக்கு "தெய்வீகம்!" என்று பதில் போகிறது. ஆறு பன்னிரண்டுக்கு இன்னொருவர் வேறொரு சங்கராபரணத்தை அனுப்பி, இதைக் கேட்டால் அதைத் தொடமாட்டீர்கள் என்கிறார். கருவி மாறியிருக்கிறதே தவிர வாய்பாடு மாறவில்லை. இடைவெளி இல்லாத பதிவுகளை இவர்கள் எப்படிச் சமாளிப்பார்கள் என்ற கவலை மட்டும் எனக்கு இருந்தது. கேட்காமலே விட்டுவிடுவதன் மூலம் முழுப் பதிவையுமே இடைவெளியாக்கிக்கொண்டார்கள்.

கடைசியாக, கருதுகோளுக்கு வலுச் சேர்க்கும் ஒரு சான்று. மாம்பலத்தில் ஒரு வீட்டில், தாத்தா பதிந்து வைத்த பேகடை. அழிந்துவிடக் கூடாதென்று கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் அவர் அன்றே உடைத்து வைத்திருந்தார். உடைத்த ஓட்டைமேல் பிற்காலத்தில் யாரோ செல்லோடேப் ஒட்டியிருப்பதை அன்று ஒருவரும் கவனிக்கவில்லை. மின்விசிறி நின்றது. பேகடை நாலு பிடி கேட்டது; அடடா, என்ன பாந்தம். ஐந்தாவது பிடிக்குப் பதிலாக ஒரு குழந்தையின் குரலில் எல்.கே.ஜி. ஆங்கிலப் பாட்டு, பின்னணியில் குக்கர் விசில். பாடியவர் இப்போது இரண்டு குழந்தைகளுக்குத் தாய். அதே வீட்டில் காபி கலந்துகொண்டிருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கூடத்தில் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பக்கம் முடியும்வரை, குழந்தை இரண்டு தரம் அடியெடுக்க மறந்து திரும்பத் தொடங்கியது உட்பட, தொடையில் தாளம் போட்டபடி கேட்டார்கள். டக் என்று நின்றதும் மூத்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இதுக்கடியில இருக்கற பேகடை மாதிரி இன்னொருத்தர் பாடி நான் கேட்டதில்லை" என்றார். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். வீட்டுக்காரர் நகல் கேட்கிறவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டார்.