கோழி மேய்ச்சாலும் கனடாவுல மேய்க்கணுமாக்கும்!

வா சாமி, இந்தக் கட்டல்ல உக்காரு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வெளிநாட்டு ஏஜெண்டு ஒருத்தன் புதுசா ஆபீசு தொறந்திருக்கானாமே. கண்ணாடிக் கதவு, ஏசி, செவுத்துல செவப்பு எலை போட்ட கொடி. அங்க ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் கட்டப் போறயாமா. உன்ர ஆயா சொல்லித்தான் எனக்கே தெரியும். கோழி மேய்ச்சாலும் கவருமெண்டுல மேய்க்கணும்னு எங்க காலத்துல சொல்லுவாங்க. பல்லடத்துல கோழிக்கு என்ன பஞ்சம்? இங்க ரேட்டு சொன்னாத்தான் கோயமுத்தூர்க் கடைக்காரன் கத்தியவே எடுக்கறான். உனக்கென்னமோ கனடாக் கோழிதான் வேணுமாட்டிருக்குது.

நான் வேண்டாங்கல கண்ணு. 2025 மார்ச்சுல கூலி பத்தலைன்னு சோமனூரு, பல்லடம் பக்கமெல்லாம் ஒரு மாசமாட்டம் தறி நின்னுச்சு. அது முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள, ஆகஸ்டுல அமெரிக்காக்காரன் வரியை 50 சதவீதத்துல கொண்டாந்து வெச்சான்; பனியன் ஆர்டரெல்லாம் அந்தரத்துல தொங்குச்சு. இதையெல்லாம் பாத்துட்டு எளவட்டம் வெளிய பாக்காம என்ன பண்ணும்? போதாததுக்குப் பொண்ணு ஊட்டுக்காரங்க வேற. முந்தியெல்லாம் கெணத்துல தண்ணி எத்தன அடியில கெடக்குதுன்னு கேட்டாங்க. அப்பறம் எத்தன தறின்னு கேட்டாங்க. இப்ப எடுத்த எடுப்புலயே, "பையனுக்கு வெளிநாட்டுல நிரந்தரமாத் தங்கப் பி.ஆர். இருக்குதுங்களா?"ங்கறாங்க. இருக்குதுன்னாப் போதும், ஜாதகத்துல செவ்வாய் எந்தக் கட்டத்துல நின்னாலும் அவங்க கண்ணுக்குத் தெரியறதில்ல.

உன்ர அக்காகிட்டச் சொல்லி, போன்ல பூராத்தயும் படிக்க வெச்சுக் கேட்டுக்கிட்டேன். கனடாவுல கைத்தொழில் தெரிஞ்சவங்களுக்குன்னே 2013ல இருந்து ஒரு தனித் தடம் போட்டு வெச்சிருக்கான். எலக்ட்ரீசியன், வெல்டர், பிளம்பர், மிஷின் மெக்கானிக்கு எல்லாம் அதுல நடக்கலாம். வேலைக்கு வேலை ஒரு நம்பர் கட்டியிருக்கான். நம்பர் கொறையக் கொறைய மவுசு எச்சு. மெக்கானிக்குக்கு ரெண்டு. தறி ஓட்டறவனுக்கும், நிட்டிங் மிஷின் ஓட்டறவனுக்கும், டெய்லருக்கும் நாலு. நாலாம் நம்பருக்கு இந்தத் தடத்துல எடமில்ல. திருப்பூர்ல ஓவர்லாக்குலயும் பேட்லாக்குலயும் குனிஞ்ச தலை நிமிராமத் தெச்சு அவனுக்கே சட்டை போட்டு விடறாங்க, அவங்களை வாசல்லயே நிறுத்திட்டான் பாரு. உன்ர மொதலாளி வெச்சிருக்காரே பன்னெண்டு நிட்டிங் மிஷினு, அவரு போனாலும் "மிஷின் வெச்சிருக்கறது கெடக்கட்டும், கழட்டி மாட்டத் தெரியுமா?"ன்னுதான் கேப்பான். தெனம் அவருகிட்டத் திட்டு வாங்கற உனக்குத்தான் அங்க ரெண்டாம் நம்பர். இதைப் போயி அவருகிட்டச் சொல்லிப்புடாதே, சம்பளத்தைப் பிடிச்சுக்குவாரு.

மெய்யாலுமே உன்ர கையில சரக்கு இருக்குது. சிலிண்டர்ல ரெண்டாயிரத்துச் சொச்சம் ஊசி நிக்குது. துணியில ஒரு கோடு விழுந்தா, மிஷினை நிறுத்தி, வெரல்ல தடவியே எந்த ஊசிக்குக் கொக்கி ஒடிஞ்சுதுன்னு சொல்லிப்புடறே. நான் நாப்பது வருஷம் தறியோட கெடந்தவன், எனக்கு அது வராது. படிப்பைப் பத்தியும் அந்தத் தடத்துல பெருசாக் கேள்வியில்ல. கடைசி அஞ்சு வருஷத்துக்குள்ள ரெண்டு வருஷம் முழுநேரம் அந்த வேலை பாத்திருக்கணும். இங்கிலீசு கொஞ்சம்: ஐ.இ.எல்.டி.எஸ்.ல பேச, கேக்க அஞ்சு, படிக்க மூணரை, எழுத நாலு. இன்ஸ்டாகிராமுல நீ போடற இங்கிலீசுக்கு மூணரை கஷ்டந்தான். ஆறு மாசம் உக்காந்தா வந்துரும்.

இனித்தான் கூத்து. ரெண்டு வருஷம் வேலை பாத்தேன்னு யாரு சொல்றது? கம்பெனி லெட்டர்பேடுல, என்ன வேலை, என்னிக்கிருந்து என்னிக்கு வரைக்கும், வாரம் எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு, எதையெதைக் கழட்டி மாட்டினான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம். உனக்குச் சனிக்கெழமை பொழுதோட என்ன குடுக்கறாங்க? கவருல பணம், மேல பென்சில்ல ஒரு தொகை. அந்தக் கவரையும் வெத்தலை மடிக்க உன்ர ஆயாகிட்டக் குடுத்துடறே. பி.எஃப். சிலிப்பு இருந்தா அது ஒண்ணே பாதிச் சாட்சி. அதுக்குத்தான் நம்மூர்ல ஒரு வித்தை வெச்சிருக்காங்களே! இருவது பேரு இருந்தா பி.எஃப். கட்டணும்ங்கறது சட்டம், அதனால எந்த ஷெட்டுல போயிக் கேட்டாலும் மொதலாளிக்குப் பத்தொம்பதுக்கு மேல எண்ணத் தெரியாது. தீபாவளி போனசு நாள்ல மட்டும் அறுவது பேரு எங்கிருந்து மொளைக்கறாங்கன்னு அவருக்கே ஆச்சரியம். பீகாருல இருந்து ரயிலேறி வந்து உன்ர பக்கத்து மிஷின்ல நிக்கற பையனுக்கும் இதே கவருதான். அவனை இங்கிலீசும் கேக்கல, வயசுக்குப் பாயிண்டும் கேக்கல. வேலைக்கு வா, அவ்வளவுதான்.

பாயிண்டுன்னதும் ஞாவகம் வருது. கனடாவுல 20க்கும் 29க்கும் நடுவுல இருந்தாத்தான் வயசுக்கு முழு மார்க்கு. அப்பறம் கொறைஞ்சுக்கிட்டே வந்து 45ல சைபரு. ஆஸ்திரேலியாக்காரனோட பாயிண்டு விசாவுக்கு 45 ஆச்சுன்னா ஆளே வேண்டாங்கறான். நம்மூர்லதான் கெழவனுக்குக் கட்டல் போட்டுக் குடுத்துப் பக்கத்துல உக்காந்து கேக்கறீங்க.

சரி, உன்ர ஏஜெண்டு எங்க வர்றான்னு பாரு. அந்தக் கனடாத் தடத்துல ஒரு முட்டுக்கட்டை இருக்குது. ஒரு வருஷத்துக்கு வேலை தரேன்னு அங்கத்த மொதலாளி எழுதித் தரணும். இல்லாட்டி அங்கத்த மாகாணம் ஒண்ணு தொழில் சர்டிபிகேட்டு குடுத்திருக்கணும், அதுக்குப் பெரும்பாலும் நேர்ல போயித்தான் பரிச்சை எழுதணும். இங்க உக்காந்துக்கிட்டு ரெண்டும் சிக்கறதில்லையா, "ஆஃபர் லெட்டர் நான் வாங்கித் தரேன் தம்பி"ன்னு இவன் கால்மேல கால் போடறான். வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க அந்த மொதலாளி கவருமெண்டுக்குக் கட்டற 1,000 டாலரை, ஆளுகிட்ட வசூல் பண்ணப்படாதுன்னு அங்க சட்டமே இருக்குது. இந்தக் கடுதாசி யாவாரம் முத்திப்போயித்தான், வேலைக் கடுதாசிக்குக் குடுத்துக்கிட்டிருந்த 50, 200 பாயிண்டையே 2025 மார்ச்சுல எடுத்துப்புட்டான். உன்ர ஏஜெண்டு இன்னும் செவுத்துல "200 பாயிண்ட் கேரண்டி"ன்னு ஒட்டி வெச்சிருக்கானா இல்லையான்னு பாத்துட்டு வா.

எனக்கென்னமோ உனக்கு ஜெர்மனி தேவலைன்னு படுது. நீ ராத்திரி பகலா மல்லுக்கட்டற மேயர் மிஷினே அங்க ஆல்ப்ஸ்டாட்டுங்கற ஊர்க் கம்பெனியோடதுதானாமா. 2024 ஜூன்ல இருந்து சான்சன்கார்டுன்னு ஒண்ணு குடுக்கறான். அதை வெச்சுக்கிட்டு ஒரு வருஷம் அங்கயே இருந்து வேலை தேடலாம், வாரத்துக்கு 20 மணி நேரம் சில்லறை வேலையும் பாத்துக்கலாம். அதே வருஷம் அக்டோபர்ல, தொழில் தெரிஞ்ச இந்தியாக்காரங்களுக்கு வருஷத்துக்கு 20,000 விசாங்கறதை 90,000 ஆக்கறேன்னு வேற சொன்னான். ஆனா ரெண்டு வருஷமாச்சும் படிச்ச தொழில் படிப்பு வேணும், அது நம்ம கவருமெண்டு ஒத்துக்கிட்டதா இருக்கணும். நீ ஐ.டி.ஐ.ல ஃபிட்டர் ரெண்டு வருஷம் படிச்சே, பொழைச்சே. உன்ர சிநேகிதன் வெல்டரு ஒரு வருஷக் கோர்சு, அவனுக்கு இந்தக் கதவு சாத்தியாச்சு. பாங்குல ஒரு வருஷச் சோத்துக்காசு காட்டணும், 13,000 யூரோவாட்டம். அதுக்குக் காட்டை விக்கலாமான்னு உங்கொப்பன் என்ர மூஞ்சியைப் பாத்தான். நான் ஆகாசத்தைப் பாத்துக்கிட்டேன்.

அங்க வேலை சிக்கி, மூணு வருஷம் ஒழுங்கா ஓய்வூதியக் காசு கட்டி, ஜெர்மன் பாஷையில பி1 தேறிட்டா நிரந்தரமா இருந்துக்கலாம்னு எழுதிக் குடுத்துருவான். அதுலயும் ஒரு சூட்சுமம். ஆறு மாசத்துக்கு மேல வெளியில தங்கிட்டா அது தானாச் செத்துப்போகும். கனடாக்காரன் கொஞ்சம் தாராளம், அஞ்சு வருஷத்துல 730 நாளு அங்க இருந்தாச் சரிங்கறான். சித்திரையில வந்து காட்டை உழுது, தையில சோளம் அறுத்துப் போட்டுட்டுப் போலாம்னு நெனைச்சிருந்தயா? ஜெர்மனில அது நடக்காது சாமி.

அதுக்கு முந்தி இங்க செய்யற காரியம் கெடக்குது. வேலைக்கு ஆள் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பற ஏஜெண்டு நம்ம வெளியுறவுத் துறையில பதிஞ்சிருக்கணும்; அவங்க இ-மைக்ரேட் வெப்சைட்டுல பேரைப் போட்டா இருக்குதா இல்லையான்னு காட்டும். அவன் கூலி 30,000 ரூபாயும் அதுக்கு ஜி.எஸ்.டி.யும், அதுக்கு மேல ஒத்தைப் பைசா வாங்கப்படாது. "நாங்க ஆள் எடுக்கறதில்லீங்க, ஆலோசனைதான் சொல்றோம்"னு வழுக்குவான். அப்படீன்னா கனடா லைசென்சு நம்பரைக் காட்டச் சொல்லு. நம்ம தமிழ்நாட்டு அரசுக்கே அயல்நாட்டு வேலைக்கு ஆள் அனுப்பற நிறுவனம் 1978ல இருந்து சென்னையில நடக்குது. அங்க ஏசி எப்படின்னு எனக்குத் தெரியாது, காயிதம் நெசமான காயிதம்.

திங்கக்கெழமை மொதலாளிகிட்டப் போயி அனுபவக் கடுதாசி கேளு. வெளிநாடுன்னு வாயைத் தொறக்காதே. பொண்ணு ஊட்டுல கேக்கறாங்கன்னு சொல்லு, சிரிச்சுக்கிட்டே எழுதித் தருவாரு. அந்த ஒன்றரை லட்சத்தை இப்பவே என்ர கையில குடுத்துரு. பாஷைப் பரிச்சை தேறிட்டு வா, எண்ணித் தரேன்.

என்ன மொறைக்கறே? ரசீதா? அப்பாருகிட்டயே ரசீது கேக்கறயாடா? சபாஷ், அந்தக் காலண்டர்ல ஒரு தாளைக் கிழி, எழுதித் தரேன்.