பேரீச்சம்பழப் பொருளாதாரம்

பழைய காரை ஒழித்துவிட்டு எரிபொருள் மிச்சம் பிடிக்கும் புதுக் கார் வாங்குகிறவர்களுக்கு அரசாங்கம் காசு கொடுக்கலாமா கூடாதா என்ற வாதத்தில், நான் இரண்டு கட்சியிலும் இருந்து தோற்றவன். ஒரே கட்சியில் நின்று தோற்கிறவனுக்குக் கொள்கைக்காரன் என்ற பெயராவது மிஞ்சும்.

முதலில் ஆதரித்தேன். மைத்துனன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்திக்குக் காத்திருந்தவர்கள் வேறு வழியில்லாமல் கேட்டார்கள். 2009-ல் அமெரிக்காவில் பொருளாதாரம் படுத்திருந்தது, கார் கம்பெனிகள் அதைவிட மோசமாகப் படுத்திருந்தன. எண்ணெய் குடிக்கும் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுச் சிக்கனமான வண்டி வாங்கினால் 3,500 அல்லது 4,500 டாலர் தருகிறோம் என்றது ஒபாமா அரசு. ஒதுக்கிய 100 கோடி டாலர் வந்த வேகத்தில் தீர்ந்தது. இன்னும் 200 கோடி போட்டார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் அதற்கும் கடையை மூடவேண்டியதாயிற்று. ஆறே முக்கால் லட்சம் வண்டிகளுக்கு மேல் கைமாறின. ஜெர்மனி அதே வருஷம் வண்டிக்கு 2,500 யூரோ கொடுத்தது. அங்கே கணக்கு இருபது லட்சத்தைத் தொட்டது.

"அத்தான், அங்க ஓட்டை வண்டின்னா லிட்டருக்கு எவ்வளவு குடுக்கணும்?" என்றான் மைத்துனன்.

எனக்கு மைல், காலன் கணக்கில்தான் தெரியும். செல்போனில் பெருக்கிப் பார்த்தேன். காலனுக்கு 18 மைலோ அதற்குக் கீழோ கொடுக்கும் வண்டிதான் அங்கே ஓட்டை. நம் கணக்கில் லிட்டருக்கு ஏழரைக் கிலோமீட்டர் சொச்சம். புதிதாக வாங்கும் கார் குறைந்தது 22 மைல் கொடுக்கவேண்டும், அதாவது ஒன்பதைக் கொஞ்சம் தாண்டினால் போதும். அந்தத் திட்டத்தில் மக்கள் வாங்கிய புது வண்டிகளின் சராசரியே பத்தரைதான். நகரத்துக்குள் ஏசி போட்டுக்கொண்டு ஓடும் என் 2006 மாடல் பதின்மூன்று கொடுக்கிறது.

"அப்ப உங்க வண்டிய அங்க புதுக் காருக்குப் பதிலாவே குடுத்திருக்கலாமே அத்தான்." பந்தியில் இடம் காலியானது அந்த நேரம் பார்த்துத்தான்.

மெக்கானிக்கிடம் இதே கதையைச் சொன்னது அடுத்த தவறு. வாங்கிய பழைய வண்டி திரும்பவும் ரோட்டுக்கு வந்துவிடக் கூடாது என்று, ஆயிலை இறக்கிவிட்டு சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி, இன்ஜின் இறுகி நிற்கும்வரை ஓடவிட்டார்கள் என்றேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "ஓடற இன்ஜினையா சார்?" புதுப்பேட்டையில் ஒரு இன்ஜினைப் பிரித்து எத்தனை குடும்பங்கள் சாப்பிடும் என்று அவர் எடுத்த வகுப்பில் எனக்குப் பதில் எதுவும் இல்லை. சின்ன வயதில், பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவி வந்தவரிடம் பாட்டியின் நல்ல வாணலியைப் போட்டு ஒரு பொட்டலம் பழம் வாங்கித் தின்றவன் நான். வாணலியில் ஓட்டை இருந்ததா என்று அன்றைக்கும் பார்க்கவில்லை. அரசாங்கமே பேரீச்சம்பழக்காரராக வரும்போது நான் கைதட்டியதில் ஆச்சரியம் என்ன?

எனவே கட்சி மாறினேன். மாறியவுடன் கணக்கு பிரமாதமாகப் பொருந்தியது. என் வண்டி வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. கல்யாணம், ஆஸ்பத்திரி, மழை. லிட்டருக்கு 20 கொடுக்கும் புதுக் கார் வாங்கினால் மிச்சமாவது 80 லிட்டர். லிட்டருக்கு 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்றால் வருஷத்துக்கு 184 கிலோ. ஒரு சின்னக் காரைச் செய்வதற்கே ஐந்து டன் என்று வைத்தாலும், அந்தக் கடன் அடைய 27 வருஷம். வண்டியின் வயதைப் பார்த்துக் காசு கொடுப்பது தப்பு, ஓட்டத்தைப் பார்த்துக் கொடுக்கவேண்டும், நாள் முழுக்க ஓடும் டாக்ஸிக்குக் கொடுங்கள் என்று முழங்கினேன். இந்தக் கருத்து சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதை என் காரைக் காப்பாற்றுவதற்காகக் கண்டுபிடித்தேன் என்பதுதான் இடிக்கிறது.

அண்ணன் மகள் சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கிறாள். "சித்தப்பா, நீங்க கார்பன் மட்டும் எண்றீங்க. மூக்குக்குள்ள போறதை யார் எண்றது? உங்க வண்டி பாரத் ஸ்டேஜ் 3. நைட்ரஜன் ஆக்சைடு கிலோமீட்டருக்கு 0.15 கிராம் வரைக்கும் விடலாம். இப்ப வர பெட்ரோல் காருக்கு 0.06. உங்களுக்குச் சொன்ன வரம்பும் வண்டி புதுசா இருந்தப்ப. கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கடைசியா எப்ப பார்த்தீங்க?"

பானெட்டைத் திறந்து பெருமையோடு காட்டினேன். அது ஏசி கம்ப்ரஸர் என்றாள்.

இந்தியாவின் கழிப்புக் கொள்கை 2021 ஆகஸ்ட் 13 அன்று தொடங்கியது. அதில் கேரட்டும் உண்டு, குச்சியும் உண்டு. வண்டியை அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையத்தில் போட்டால் புது வண்டி விலையில் நான்கிலிருந்து ஆறு சதவீதம் அளவுக்குப் பழசுக்கு விலை கிடைக்கும் என்றார்கள். அங்கே தரும் சான்றிதழைக் காட்டினால் சாலை வரியில் 25 சதவீதம் வரை மாநிலங்கள் குறைக்கலாம், கம்பெனிகள் ஐந்து சதவீதம் தள்ளுபடி தரலாம். இந்த "லாம்" எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்வேன். குச்சியை மட்டும் கவனிக்கவில்லை. பதினைந்து வயதான காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகப்போகிறது, 2022 ஏப்ரல் 1 முதல் அமல் என்று முந்தைய அக்டோபரிலேயே அறிவித்துவிட்டார்கள். என் காருக்குப் பதினைந்து முடிந்தது 2021-ல். தீபாவளி போகட்டும் என்றேன். பொங்கல் போகட்டும் என்றேன். மாமனாருக்குக் கண் ஆபரேஷன். ஏப்ரல் பிறந்தபிறகு 5,000-மும், தாமதத்துக்கு மாதம் 500 வீதம் மேற்படியும் கட்டினேன். வண்டிக்கு இருபது தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் ஏற்றியிருக்கிறார்கள். அடுத்த முறை என் வண்டி அந்த வரிசையில்தான் நிற்கும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷோரூமுக்குப் போனேன். அதிக மைலேஜ் கொடுக்கும் சின்ன வண்டி வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். விற்பனைத் தம்பி தலையாட்டிக்கொண்டே என்னை உயரமான வண்டி ஒன்றில் ஏற்றி உட்கார வைத்தார். நாட்டில் விற்கும் கார்களில் பாதிக்கு மேல் இந்த ஜாதி என்று படித்திருக்கிறேன், கண்டித்தும் இருக்கிறேன். மேலே உட்கார்ந்ததும் ரோடு நன்றாகத் தெரிந்தது. நகரத்தில் எவ்வளவு கொடுக்கும் என்று கேட்டேன். "ஓட்டறதைப் பொறுத்து சார், பன்னெண்டு, பதிமூணு." எவ்வளவு நாள் காத்திருக்கவேண்டும் என்று மட்டும் விசாரித்து வைத்தேன்.

அவர் கீழே வந்து என் பழைய காரைச் சுற்றிப் பார்த்தார். எக்ஸ்சேஞ்சுக்கு அவர் சொன்ன விலை, உடைப்பு மையத்தில் எடைபோட்டுக் கிடைக்கப்போவதைவிட நன்றாகவே அதிகம். "உடைக்க மாட்டீங்களா?" என்றேன்.

"எதுக்கு சார்? கல்லு மாதிரி வண்டி. வெளியூர்ல ஒருத்தர் கேட்டிருக்கார், தினம் லைன் ஓட்டறவர். இன்னும் அஞ்சு வருஷம் அடிப்பார்."

நான் ஓட்டிய 3,000 கிலோமீட்டரை அவர் ஒரே மாதத்தில் ஓட்டித் தள்ளுவார். 0.15 கிராம் ஞாபகம் வந்தது, 184 கிலோவும் வந்தது. ஒரு பத்தாயிரம் சேர்த்துப் போட்டுக் கொடுங்கள் தம்பி என்று கேட்டேன்.