சருகுமானுக்கு ஒரு நுகத்தடி

சிறிய இழுவை வண்டிக்கு உறுப்புகள் குறைவு. ஓர் அச்சு, இரண்டு சக்கரம், மேலே ஒரு தகரப் பெட்டி, முன்னால் நீண்ட இரும்புச் சட்டம், சட்டத்தின் மூக்கில் ஒரு கிண்ணம். எஞ்சின் கிடையாது, பிரேக் கிடையாது, சொந்தப் புத்தியும் கிடையாது. நம் ஊரில் டிரெய்லர் என்றால் வரப்போகும் படத்தின் முன்னோட்டம், இல்லாவிட்டால் டிராக்டருக்குப் பின்னால் கரும்பு ஏற்றிப் போவது. மலேசியாவின் கிள்ளானில் அதே சொல்லுக்குத் துறைமுகத்திலிருந்து நாற்பதடிப் பெட்டியைச் சுமந்து வரும் ராட்சத லோரி என்று பொருள். ‘காருக்குப் பின்னால் டிரெய்லர்’ என்று கேட்டால் விபத்து என்று நினைத்து, அடி பலமா என்று விசாரிப்பார்கள். ஆகவே இக்கடிதத்தில் அது இழுவை வண்டி என்றே வழங்கும்.

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இப்படிப்பட்ட வண்டிக்கு வேலை உண்டு. கல்யாணத்துக்கு வாழைமரம், கோயில் அன்னதானத்துக்கு அண்டா, பாசார் மாலாம் எனப்படும் இரவுச் சந்தைக்கு மடக்கு மேசை, தீபாவளிக் கடைக்கு முறுக்கு மாவும் கிரைண்டரும் என்று வருஷம் முழுக்க ஏதாவது நகர்ந்துகொண்டே இருக்கும். இதற்கெல்லாம் சின்ன லோரியை வாடகைக்கு அமர்த்துவது புத்திசாலிகளின் வழி. மற்றவர்கள் இருக்கிற காரின் முதுகைப் பார்க்கிறார்கள்.

இருக்கிற கார் பெரும்பாலும் சிறியது. 1993இல் தொடங்கிய பெரோடுவா நிறுவனம் 1994இல் வெளியிட்ட கஞ்சில், மலேசியக் குடும்பங்கள் பலவற்றின் முதல் கார். 2009 வரை வந்தது. இன்னும் சாலையில் ஓடுகிறது. எஞ்சின் 660 சிசி, சுமார் 30 குதிரைத்திறன். காரின் எடை சுமார் 680 கிலோ. மலாய் மொழியில் கஞ்சில் என்பது சருகுமான். மலாய்க் கதைகளில் அது புலியையும் முதலையையும் புத்தியால் ஏமாற்றும். எதையாவது இழுத்ததாகக் கதை கேட்டதில்லை. அதற்குப் பிறகு வந்த மைவி (2005), விவா (2007), ஆக்ஸியா (2014) எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு வைத்தவை. ஆனாலும் இழுவை என்று வந்துவிட்டால் எல்லாமே சருகுமான் சாதிதான்.

எவ்வளவு இழுக்கலாம் என்பதைக் காரோடு வரும் கையேடுதான் சொல்ல வேண்டும். ‘இக்கார் இழுப்பதற்கானதல்ல’ என்று அதில் அச்சிட்டிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. சிறிய கார்கள் பலவற்றின் கையேட்டில் அந்த வரி இருக்கும். ஐரோப்பாவில் தனிப் பிரேக் இல்லாத இழுவை வண்டி, சரக்கோடு சேர்த்து 750 கிலோவைத் தாண்டக் கூடாது. இழுக்கும் காரின் எடையில் பாதிக்கு மேல் போகாமல் இருப்பதும் அங்கே வழக்கம். அந்தக் கணக்கை வைத்தால் கஞ்சிலுக்கு 340 கிலோ. வண்டியின் சொந்த எடை நூற்றைம்பதைக் கழித்தால் மிச்சம் 190 கிலோ சரக்கு. கல்யாண வீட்டுக்கு அண்டா போகும். அண்டாவோடு சமையற்காரர் போக முடியாது.

காரையும் வண்டியையும் சேர்ப்பது பின்புறம் பூட்டிய ஓர் இரும்புக் கம்பியும், அதன்மேல் நிற்கும் 50 மில்லிமீட்டர் உருண்டையும். வண்டியின் மூக்கிலுள்ள கிண்ணம் உருண்டையின் மேல் கவிழ்ந்து உட்காரும்; கொக்கியை அழுத்தினால் அடியில் ஒரு நாக்கு வந்து பிடித்துக்கொள்ளும். பட்டறைக்காரர்கள் இந்த உருண்டையைப் ‘பால்’ என்கிறார்கள். ‘பால் தேய்ந்துபோச்சு, புதுசா வாங்கணும்’ என்று முதன்முதலில் கேட்கிறவர் மாடு எங்கே என்று சுற்றுமுற்றும் பார்ப்பார். கிண்ணம் கழன்றாலும் மூக்கு தார்ச்சாலையில் குத்தாமல் இருக்க, சட்டத்துக்கு அடியில் இரண்டு சங்கிலியைப் பெருக்கல் குறி போல மாற்றி மாட்டுவார்கள். குறுக்கே மாட்டினால்தான் விழும் மூக்கு அதில் தொட்டில் போட்டது மாதிரி தங்கும்.

மாடு என்றதும் நினைவுக்கு வர வேண்டியது பாரம். இழுவை வண்டியின் சாஸ்திரம் முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கும். இதை ஊரிலுள்ள பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினால், இதற்கா கப்பலேறிப் போனான் என்று கேட்பார். கட்டைவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டும் பாலபாடம். பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே எழும். நுகத்தடி தூக்கிக்கொண்டு, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்பாரம் கூடினால் நுகம் பிடரியில் அழுந்திப் புண்ணாக்கும். பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். மாடு அதை உணர வேண்டும், ஆனால் சுமக்கக் கூடாது. இதையே இழுவை வண்டிப் புத்தகங்கள் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மூக்கில் இருக்கட்டும் என்கின்றன. ஐரோப்பியர்கள் இன்னும் கொஞ்சம் குறைத்து ஐந்து முதல் ஏழு விழுக்காடு என்பார்கள்.

வண்டியும் சரக்கும் 300 கிலோ என்றால் மூக்கில் 30 கிலோ. அளப்பதற்குக் குளியலறைத் தராசு போதும். தராசின்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி மூக்கை அதன் தலையில் வைத்தால் முள் சொல்லிவிடும். இந்த 30 கிலோ காருக்குள் உட்கார்ந்த 30 கிலோ அல்ல. பின்சக்கரத்துக்கும் பின்னால் தொங்குகிற சுமை அது. ஏற்றக்கழி மாதிரி வேலை செய்யும். பின்சக்கரத்தின்மேல் சுமார் 37 கிலோ ஏறும். முன்சக்கரத்திலிருந்து சுமார் 7 கிலோ இறங்கும். கஞ்சில் முன்சக்கரத்தால் ஓடும் கார். மழையில் மேட்டுச் சாலையில் கிளம்பும்போது அந்த 7 கிலோவின் அருமை தெரியும்.

பின்பாரத்தின் பலன் இதைவிட மோசம். கடிதம் எழுதுபவர் ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம் கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கமிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குச் சாமான் ஏற்றினார். முதலில் மடக்கு நாற்காலி, அதன்மேல் அலுமினியத் தட்டு, கடைசியாக வால்புறத்தில் கிரைண்டர். போய்ச் சேர்ந்ததும் முதலில் வேண்டியது கிரைண்டர்தானே என்பது நியாயம். பந்தல்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, ‘அண்ணே, கல்லு பின்னால இருக்கு லா, ஆடும்’ என்றார். கயிறு கட்டியாயிற்று, ஆடாது என்று பதில் போயிற்று. அவர் சொன்னது கல்லை அல்ல, வண்டியை.

கூட்டரசு நெடுஞ்சாலையில் ஷா ஆலம் வரை சிக்கலில்லை. 80 கிலோமீட்டரைத் தொட்டபோது ஒரு லோரி கடந்தது. அதன் காற்று ஒருமுறை தள்ளியது. வண்டி இடப்பக்கம் போய், வலப்பக்கம் வந்து, மறுபடி இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போனது. நாய் வாலை ஆட்டலாம். இங்கே வால் நாயை ஆட்டியது. பின்பாரமுள்ள வண்டிக்கு ஒரு வேகம் வரை ஆட்டம் தானே அடங்கும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிதாகும். அப்போது கால் தானாகப் பிரேக்கைத் தேடும். அது தப்பு. கார் வேகம் குறையும். பிரேக் இல்லாத வண்டி குறையாமல் முதுகில் வந்து முட்டும். ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிச் சரிசெய்யப் பார்ப்பதும் வீச்சைக் கூட்டும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, காற்றும் சாலையும் வேகத்தைத் தின்னும்வரை பொறுப்பதுதான் வழி. அதற்கு ஐந்தாறு விநாடி ஆகும். அந்நேரத்தில் எழுதுபவர் நினைத்துக்கொண்ட குலதெய்வங்களின் பட்டியல் இங்கே தேவையில்லை. அடுத்த பெட்ரோல் நிலையத்தில் கிரைண்டர் அச்சுக்கு முன்னால் போனது. பிரிக்பீல்ட்ஸ் வரை வேகம் அறுபதைத் தாண்டவில்லை. தைப்பூசத்துக்கு மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குப் போகும் வெள்ளி ரதம் சுமார் 15 கிலோமீட்டர் போக இரவெல்லாம் எடுத்துக்கொள்கிறது. அது ஒருநாளும் வாலாட்டியதில்லை.

நிறுத்துவது தனிக்கதை. ஓட்டுநரோடு 750 கிலோவை நிறுத்துகிற பிரேக்தான் இழுவை வண்டியும் சேர்ந்த 1,050 கிலோவையும் நிறுத்த வேண்டும். வேகம் 60லிருந்து 90 ஆனால் அடக்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், 300 டன். அதற்கே திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தது. அதற்கு முன்பு முட்டுக்கட்டைதான். இந்தத் தகரப் பெட்டிக்கு இன்றும் முட்டுக்கட்டைதான். அதுவும் நின்ற பிறகு போடுவது. ஓடும்போது முன்வண்டிக்கும் நமக்கும் வழக்கமாக விடும் இடைவெளியை இரட்டிப்பாக்குவது ஒன்றே பிரேக். அந்த இடைவெளியில் இரண்டு மைவி வந்து நுழைந்துகொள்ளும் என்பது வேறு விஷயம்.

பின்னோக்கி எடுப்பதற்கு இங்கே ‘கோஸ்தான்’ என்று பெயர். கப்பற்காரர்களின் ஆங்கிலக் கட்டளை மலாயில் கரைந்து, தமிழிலும் குடியேறிவிட்ட சொல். இழுவை வண்டியோடு கோஸ்தான் போவதில் விதி ஒன்றுதான்: வண்டியின் வால் இடப்பக்கம் போக வேண்டுமானால் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். குழப்பமாக இருந்தால் ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, வால் போக வேண்டிய பக்கம் கையை நகர்த்தலாம். வண்டி நீளமாக இருந்தால் மெதுவாக வளையும். குட்டையான வண்டி கண்ணிமைக்கும் நேரத்தில் மடங்கிக் காரின் பக்கவாட்டில் வந்து முட்டும். சிறியதுதானே, சுலபம் என்று நினைப்பவர்களுக்கு இதுதான் பாடம். பிரிக்பீல்ட்ஸ் தம்பிப்பிள்ளை சாலையில் இதைச் செய்தால் உதவிக்கு ஆள் தானாக வரும். ஒருவர் ‘கிரி, கிரி’ என்பார். இன்னொருவர் ‘கானான்’ என்பார். முன்னது இடம், பின்னது வலம். எதன் இடம், காரினதா வண்டியினதா என்பதை இருவரும் சொல்லமாட்டார்கள். மூன்றாமவர் தேத்தண்ணீர்க் கோப்பையோடு சும்மா பார்ப்பார். பெரும்பாலும் அவர்தான் சரியான யோசனை சொல்வார்: கழற்றிக் கையால் தள்ளு.

மற்றவை சுருக்கமானவை. வண்டியின் பின்னால் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது துருப்பிடித்த எர்த் கம்பி. அது கெட்டால் இடப்பக்க இன்டிகேட்டர் போட்டதும் வண்டி முழுக்கத் திருவிழாப் பந்தல் மாதிரி மினுக்கும். சக்கரம் சிறியதாகையால் காரின் சக்கரத்தைவிட வேகமாகச் சுழலும். பேரிங்குக்குக் கிரீஸ் தவறக் கூடாது. வெள்ளத்தில் ஓட்டிய பிறகு கட்டாயம் பார்க்க வேண்டும். ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் இழுவை வண்டியையும் தனியாகப் பதிய வேண்டும். டோலில் மூன்று அச்சும் அதற்கு மேலும் உள்ளவை மூன்றாம் வகுப்பு. அதை எழுத்துக்கு எழுத்துப் படித்தால் இரண்டு அச்சுக் கஞ்சிலும் ஓர் அச்சு வண்டியும் சேர்ந்து, துறைமுக லோரியோடு ஒரே பந்தியில் உட்கார்கின்றன. நல்லவேளையாகக் கூட்டரசு நெடுஞ்சாலையின் பத்து தீகா, சுங்கை ரசாவ் டோல்கள் 2018 ஜனவரி முதல் நாளோடு எடுக்கப்பட்டுவிட்டன.

கடைசியாக, நிறுத்தி வைப்பது. கோலாலம்பூரில் பிற்பகல் மழைக்கு விடுமுறை கிடையாது. சமமாக நிறுத்திய தகரப் பெட்டியில் ஒரு வாரத்தில் குளம் கட்டும், அதில் ஏடிஸ் கொசு குடும்பம் நடத்தும், சுகாதார அதிகாரி 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தோடு படலையைத் தட்டுவார். ஆகவே பின்கதவைக் கழற்றிவிட்டு, மூக்கைத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் நாலு செங்கல் அடுக்குவது வழக்கம். 1881இல் தீயும் வெள்ளமும் தின்ற கோலாலம்பூரைச் செங்கல்லில் எழுப்பியபோது, சூளைகள் இருந்த இடம் என்பதால்தான் பிரிக்பீல்ட்ஸுக்கு அந்தப் பெயர். இப்போது அங்கே பூக்கடையும் புடவைக்கடையும் அடுக்குமாடியும்தான். எழுதுபவர் தம் நாலு செங்கல்லையும் கிள்ளானிலிருந்துதான் ஏற்றி வந்தார், அச்சுக்குச் சற்று முன்னால் வைத்து.