மும்பைத் தமிழர் மேசைக் கணினிகளில் யூ.எஸ்.பி. கார்டு: மூலமும் பாடபேதமும் பழுதுநீக்க மரபும்

ஆய்வெல்லை

தெற்கே லாமிங்டன் ரோடு, வடகிழக்கே செம்பூர், இடையே மாட்டுங்காவும் தாராவியும். இவ்வெல்லைக்குள் வாழும் தமிழர் அசெம்பிள் செய்து வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களில் யூ.எஸ்.பி. போர்ட் ஏன் எப்போதும் ஒன்று குறைகிறது என்பதே ஆய்வுச் சிக்கல். இத்துறையில் முன்னாய்வுகள் இல்லை. இருந்திருந்தால் முதல் இயலில் அவற்றை மறுத்திருப்போம்.

சிக்கல் மெய்யானது. மாட்டுங்கா ஆடிட்டர் மேசையில் கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், ஸ்கேனர் ஆகியவற்றோடு வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் உண்டு, ஜி.எஸ்.டி. கடைசித் தேதியன்று அவை வரிசையில் நிற்கும். தாராவி தொண்ணூறடிச் சாலைத் தையல் கடையில் பில் பிரிண்டரும் பார்கோடு ரீடரும் எம்பிராய்டரி டிசைன் ஏற்றும் பென் டிரைவும் ஒரே துளைக்குச் சண்டையிடும். செம்பூரில் கச்சேரிகளைச் சேர்த்துவைத்திருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் தம் மூன்றாவது ஹார்டு டிஸ்கைச் செருக வேண்டுமானால் மவுஸைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய பின் எதைக் கொண்டு க்ளிக் செய்வது என்பது தத்துவத் துறைக்குரிய கேள்வி.

வகைப்பாடு

பழைய பி.சி.ஐ. கார்டு: தாராவி பதின்மூன்றாம் காம்பவுண்டில், காயலான் கடைத் தராசின் மேல் காண்க.

யூ.எஸ்.பி. ஹப்: இது கார்டு அன்று, எனவே ஆய்வுக்கு அப்பாற்பட்டது. பெரும்பாலானோருக்கு இதுவே போதும் என்பதும் ஆய்வுக்கு அப்பாற்பட்டது.

பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டு: மதர்போர்டு ஸ்லாட்டில் மாட்டினால் கூடுதல் போர்ட் தருவது. இதுவே நம் பொருள்.

மூலமும் பாடபேதமும்

யூ.எஸ்.பி. முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வெளிவந்தது. அதை வடிவமைத்த இன்டெல் குழுவில் முதன்மையானவர் பரோடாவில் படித்த அஜய் பட். 2000-இல் இரண்டாம் பதிப்பு, வினாடிக்கு 480 மெகாபிட். 2008-இல் 3.0, வினாடிக்கு 5 ஜிகாபிட். இதுவரை உரையாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

2013-இல் 3.1 வந்தது. வந்ததும் பழைய 3.0, '3.1 ஜென் 1' ஆயிற்று. 2017-இல் 3.2 வந்தது. அதன்பின் அதே பழைய 3.0, '3.2 ஜென் 1' ஆயிற்று. வேகம் அதே 5 ஜிகாபிட். ஒரு கம்பிகூட இடம் மாறவில்லை. 10 ஜிகாபிட்டுக்கு 'ஜென் 2' என்றும் 20 ஜிகாபிட்டுக்கு 'ஜென் 2 பெருக்கல் 2' என்றும் தரநிலைக் குழுவினர் பெயரிட்டார்கள். கடைசியில் அவர்களுக்கே குழப்பம் தாங்காமல் வேகத்தையே பெயராக்கி '5 ஜிகாபிட்', '10 ஜிகாபிட்' என்று எழுதச் சொல்லிவிட்டார்கள். ஆகவே பெட்டியில் '3.2' என்று பெரிய எழுத்தில் இருந்தால் மகிழ வேண்டாம், அது 2008-ஆம் ஆண்டுச் சரக்காகவும் இருக்கலாம் (காண்க: கார்டுப் பெட்டி, மேல்மூடி, ஒப்புநோக்குக: அதே பெட்டி, அடிப்புறம், பூதக்கண்ணாடிப் பாடம்).

இங்கே இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பை முன்வைக்கிறோம். விக்டோரியா டெர்மினஸ், சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆனது 1996-இல். அதே ஆண்டில் யூ.எஸ்.பி. பிறந்தது. அப்பெயருக்கு நடுவே 'மகாராஜ்' சேர்ந்தது 2017-இல். அதே ஆண்டில் 3.2 வெளிவந்தது. கயவாகு என்னும் ஒரே இலங்கை மன்னனைப் பிடித்துக்கொண்டு செங்குட்டுவன் காலத்தையும் அதன்வழி சங்க காலத்தையும் நிறுவிய துறை நம்முடையது. எம்மிடமோ இரண்டு கயவாகுக்கள் இருக்கிறார்கள். எனவே யூ.எஸ்.பி. பதிப்புகள் மத்திய ரயில்வேயின் பெயர்ப்பலகைகளை ஒட்டியே வெளிவருகின்றன என்பது தெளிவு.

2013-இல் எந்த நிலையமும் பெயர் மாறவில்லையே என்பர் சிலர். மாறியிருக்க வேண்டும், பலகை கிடைக்கவில்லை. எல்பின்ஸ்டன் ரோடு 2018-இல்தானே பிரபாதேவி ஆயிற்று, அவ்வாண்டில் எந்தப் பதிப்பும் வரவில்லையே என்பர் வேறு சிலர். அது மேற்கு ரயில்வே. இதுகூடத் தெரியாதவர்களோடு வாதிடுவதில்லை என்பது எம் நெறியாளர் இட்ட கட்டளை (மாட்டுங்கா மேம்பால உரையாடல் திரட்டு, ஸ்லோ வண்டி கடந்தபோது கேட்காமல் போன பகுதி, எஞ்சியது அனுமானம்).

பெயர் எத்தனை மாறினாலும் டாக்ஸியில் ஏறுபவர் 'வீ.டி.' என்றுதான் சொல்கிறார். டாக்டர் பட்கம்கர் மார்க் என்று முறைப்படி பெயர் மாறிய சாலையை, 1903 முதல் 1907 வரை ஆளுநராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பேராலேயே எல்லோரும் அழைக்கிறார்கள். அங்கே கம்ப்யூட்டர் கடைக் கவுன்ட்டரில் நிற்பவரும் ஜென் 1, ஜென் 2 எதையும் அறிய விரும்புவதில்லை. "ப்ளூ வாலா சாஹியே?" என்பார். நீலப் பிளாஸ்டிக் 3.0-க்குப் பரிந்துரைக்கப்பட்ட நிறந்தான், கட்டாயமன்று. நீலம் பூசுவதற்கு யாரும் தேர்வு வைப்பதுமில்லை. பெட்டியைத் திருப்பி, ஒளிப்படத்தில் தெரியும் சிப்பின் மேல் ரெனசாஸ், விஐஏ, ஏஎஸ்மீடியா, ஃப்ரெஸ்கோ லாஜிக் என ஏதேனும் ஒரு பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதே மூலபாட ஆய்வு. விண்டோஸ் 7-இல் 3.0-க்கு டிரைவர் உள்ளடங்கி வராது, தனியே ஏற்ற வேண்டும். விண்டோஸ் 8 முதல் அக்கவலை இல்லை. கடைக்காரரிடம் "ஓடுமா?" என்று கேட்டால் "சலேகா" என்பார். இத்துறையில் இதைவிடச் சுருக்கமான உரை எழுதப்பட்டதில்லை.

எண்ணிக்கை மயக்கம்

ஏழு போர்ட் கார்டு நான்கு போர்ட் கார்டைவிட மேலானது என்னும் கருத்து பரவலானது, பிழையானது. இரண்டாம் தலைமுறை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டின் ஒற்றைப் பாதையில் வினாடிக்கு 500 மெகாபைட்தான் போகும். அதை ஒரே போர்ட் தனியாகவே குடித்துவிடும். மற்ற ஆறும் அலங்காரம். மின்சாரக் கணக்கு இதைவிட மோசம்: ஒரு 3.0 போர்ட் 5 வோல்ட்டில் 900 மில்லியாம்பியர் கேட்கலாம், அதாவது 4.5 வாட். ஏழுக்கு 31.5 வாட். ஒற்றைப் பாதை ஸ்லாட்டோ 25 வாட்டுக்கு மேல் தராது. தொடக்கத்தில் 10 வாட்தான். கார்டின் ஓரத்தில் எஸ்.எம்.பி.எஸ். (மின்வழங்கி) வயரைச் செருக ஓர் இடம் இருப்பது இதற்காகவே. அதைச் செருகாமல் விட்டுவிட்டு, ஹார்டு டிஸ்க் 'டிக் டிக்' என்று அடித்து மறைவதைக் கண்டு வைரஸ் என்பவர்கள் உண்டு. (கேபினெட் அடித்தூசிச் சுவடி, பல்லி முட்டைக்குக் கீழுள்ள அடுக்கு: அவ்வயர் ரப்பர் பேண்டு போட்டபடியே கிடைத்துள்ளது.)

பழுதுநீக்க மரபுகள் மூன்று

கார்டு மாட்டியும் கம்ப்யூட்டர் அதைக் காணவில்லையெனில் என் செய்வது? மாட்டுங்கா மரபினர் கழற்றி, தங்கப்பூச்சுப் பற்களின் மேல் ஊதுவர். தாராவி மரபினர் பள்ளிக்கூட ரப்பரால் தேய்ப்பர். செம்பூர் மரபினர் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் காபி குடிப்பர். திரும்பி வந்து மாட்டினால் வேலை செய்யும் என்பது அவர்தம் துணிபு.

ஊதல் பற்றிய உரைகள் மிகப் பல (மாடிப்படி வாய்மொழித் திரட்டு, இரண்டாம் தளத்து மாமி கூற்று, லிப்ட் நின்றுபோன நாள் பாடம்: "ஊதினா சரியாயிடும்டா, டேப் ரிக்கார்டருக்கு உங்க மாமா அப்படித்தான் பண்ணுவார்", மூன்றாம் தளத்தார் இதை இடைச்செருகல் என்பர், ஆனால் அவர்களிடம் டேப் ரிக்கார்டர் இருந்ததில்லை). எனினும் உண்மை தாராவியின் பக்கமே. ரப்பர் அழுக்குப் படலத்தை எடுக்கும்; துகள்களைத் துடைத்துவிட வேண்டும், அவ்வளவே. மூச்சோடு ஈரமும் எச்சிலும் போகும், ஜூலை மாத மும்பைக் காற்றில் ஏற்கெனவே இருப்பது போதாதென்று. செம்பூர் முறையும் வெறும் மூடநம்பிக்கையன்று: எஸ்.எம்.பி.எஸ். சுவிட்சை அணைத்துச் சிறிது நேரம் விடுவதால் மிச்ச மின்சாரம் வடிகிறது. காபி விருப்பப் பாடம்.

மூன்று மரபும் கவனிக்காத காரணங்கள் இரண்டு. மெல்லிய தகட்டுக் கேபினெட்டில் ஸ்க்ரூவை முழுக்க இறுக்கினால் கார்டின் மறுமுனை ஸ்லாட்டிலிருந்து சற்றே எழும்பிவிடும். சில மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் எஸ்.எஸ்.டி. போட்டால் ஒரு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் செத்துவிடும், இரண்டும் ஒரே பாதையைப் பங்கிடுவதால். இது மதர்போர்டு கையேட்டில் பொடி எழுத்தில் இருக்கும். கையேடு மேசைக்காலுக்கு அண்டக் கொடுக்கப்பட்டிருக்கும்.

ஆவி மவுஸ்

3.0 கார்டு மாட்டியபின் ஒயர்லெஸ் மவுஸ் தள்ளாடுகிறது, ஹார்டு டிஸ்க் ஓடும்போது மட்டும் அம்பு நகர மறுக்கிறது என்று ஒரு வீட்டில் எலுமிச்சம்பழம் வரை போய்விட்டார்கள். இன்டெல் 2012-இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, 3.0 கருவிகளும் வயர்களும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்புவதாகச் சொல்கிறது; ஒயர்லெஸ் மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். மவுஸின் குட்டி ரிசீவரை முன்பக்கத்துப் பழைய 2.0 போர்ட்டுக்கு மாற்றினால், அல்லது ஒரு நீட்டிப்பு வயரில் தள்ளி வைத்தால், ஆவி இறங்கிவிடும். இக்கட்டுரையில் உண்மையிலேயே இருக்கும் ஒரே மேற்கோள் நூல் இதுதான். ஆய்வைப் படித்துப் பார்த்த அறிஞர் இதை மட்டுந்தான் நீக்கச் சொன்னார், நம்பும்படியாக இல்லையாம். நிலையப் பெயர்க் கொள்கையைப் பாராட்டினார், தம் முந்தைய நூலிலிருந்து அது பெறப்பட்டது என்று ஒரு வரி சேர்க்கும்படியும் கேட்டுக்கொண்டார்.

இனிப் பதிப்பிக்கவேண்டியது கடை பில் ஒன்றே. எத்தனை கடைகளின் படிகளை ஒப்புநோக்கினாலும் அதன் கீழ்வரியில் ஒரு பாடபேதமும் கிடைக்கவில்லை: விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது.