எல்லையை மூடினால் போதுமா?

கேள்வி: நேபாளத்திலிருந்து பெண்களும் குழந்தைகளும் இந்தியாவுக்குக் கடத்தப்படுவதைத் தடுக்க, எல்லையை மூடிவிட்டால் என்ன?

பதில்: வேண்டாம். 1950ஆம் ஆண்டு இந்திய–நேபாள ஒப்பந்தப்படி திறந்திருக்கும் அந்த எல்லையை நம்பித்தான் ஏராளமான ஏழைகள் பிழைக்கிறார்கள். மூடினால் வழி அடைபடுவது அவர்களுக்கே. கடத்தல்காரனுக்குக் குறுக்குவழிகள் அத்துப்படி. அவன் கயிறு கட்டியா இழுத்து வருகிறான்? ‘வேலை வாங்கித் தருகிறேன்’, ‘கல்யாணம் செய்துகொள்கிறேன்’ என்று சொல்லி, சிரித்த முகத்தோடு பேருந்தில் பக்கத்தில் உட்காரவைத்து அழைத்து வருகிறான். அவனைப் பிடிக்க முள்வேலி உதவாது. நின்று விசாரிக்கிற மனிதர்கள் வேண்டும். அனுராதா கொய்ராலா 1993இல் தொடங்கிய ‘மைதி நேபாள்’ அமைப்பின் பெண்கள் எல்லைச் சாவடிகளில் அதைத்தான் செய்கிறார்கள். கடத்தலிலிருந்து மீண்டவர்களும் அவர்களில் உண்டு.

2002 ஜனவரியில் காத்மாண்டுவில் தெற்காசியக் கூட்டமைப்பான சார்க்கின் நாடுகள் கடத்தலைத் தடுக்கவென்றே ஓர் உடன்படிக்கை செய்தன. குற்றவாளியை ஒப்படைப்பது, விசாரணைக்கு உதவுவது, மீட்கப்பட்டவரை ஊர் சேர்ப்பது எல்லாம் அதில் உண்டு. ஆனால், பாலியல் தொழிலுக்கான கடத்தலை மட்டுமே அது பேசுகிறது. செங்கல் சூளைக்கும் சர்க்கஸுக்கும் வீட்டு வேலைக்கும் விற்கப்படும் குழந்தைக்கு அதில் இடமில்லை. முதலில் அதைத் திருத்த வேண்டும். ஆனால், 2014க்குப் பிறகு சார்க் உச்சிமாநாடே கூடவில்லை. தலைவர்கள் கூடும்வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. இருபுறக் காவல் நிலையங்களும் இன்றே நேரடியாகப் பேசிக்கொள்ளட்டும். கடத்துகிறவர்கள் நாடு பார்க்காமல் கூட்டுச் சேர்கிறார்கள். காப்பாற்றுகிறவர்கள் மட்டும் ஏன் தனித்தனியே நிற்க வேண்டும்?