உப்பளத்து எஞ்சினியர்

கே: உப்பளத்தில் பம்ப் மோட்டார் பார்க்கிறேன். வயது 37. உயர்தரத்தில் கணிதம் காலை வாரிவிட்டது. இனிப் படித்து எஞ்சினியர் ஆகலாமா?
– வாசகர், பாலாவி, புத்தளம்

ப: தாராளமாக. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980 முதல் இருக்கிறது. வேலையை விடாமலே அங்கே பொறியியல் படிக்கலாம். உயர்தரம் கைவிட்டவர்களுக்கு அடிப்படைப் பாடநெறி என்றொரு பக்கவாசலும் உண்டு. அடர்த்திமானி போமே 25 பாகையைத் தொட்டதும் தண்ணீரைக் கடைசிப் பாத்திக்குத் திருப்புகிறீர்களே, அதுவே பாதி இரசாயனப் பொறியியல். மீதிப் பாதிதான் வில்லங்கம்: வகையீடு, தொகையீடு, அதுவும் ஆங்கிலத்தில்! முதலில் மடக்கையைத் தூசி தட்டுங்கள். வீட்டில் சாதாரண தரம் படிக்கும் மகன் இருந்தால் அவனிடமே டியூஷன் போங்கள். கணக்குப் பிழைத்தபோதெல்லாம் நீங்கள் கொடுத்ததை அவன் திருப்பித் தரக்கூடும். பிரம்பை மட்டும் ஒளித்துவைத்துவிடுங்கள்.