பெரியப்பாவின் கடிகாரம்

பெரியப்பா வீட்டில் மூலவர் சுவர்க்கடிகாரம்தான். ஆயுத பூஜைச் சந்தனமும் முதலில் அதற்கே. 5.10-க்கு விளக்கு, 5.25-க்குக் காபி, இரண்டு நிமிஷம் பிந்தினால் காபியே தீட்டு.

ஒரு சனிக்கிழமை ஜவ்வாது மலை ஏறி, காவலூர் வானாய்வகம் போனோம். 1986-இல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட இடம். பெரிய தொலைநோக்கியின் ஆடி மட்டும் 2.3 மீட்டர். நமக்கென்னவோ சின்னக் குழாய்தான். சனிக்கோள் வளையத்தோடு தெரிகிறது என்றார்கள். பெரியப்பா செருப்பைக் கழற்றி, ஓரமாக நின்று, கண்ணை மூடிக் கும்பிட்டார். சனியை நேருக்கு நேர் பார்க்கக் கூடாதாம். வீட்டில் யாருமே கூடாதாம்.

பெரியம்மா அதற்குள் பார்த்துவிட்டார்.

“என்னடி தெரிஞ்சுது?”

“அது பாட்டுக்கு இருக்குங்க. நம்ம காபி நேரமெல்லாம் அதுக்குத் தெரியாது போல.”